நுனியைக் கிள்ளிவிட்டு

ஒற்று அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர் எவரும் கிடையாது. பதினோரு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன். எங்கள் அச்சகத்தில் நான் பக்கம் வடிவமைப்பவள். கணினியில் எழுத்தையும் படத்தையும் அடுக்கி, தாளில் எடுத்து, பக்கத்து மேசையில் இருக்கும் அக்காவிடம் நீட்டுவேன். அவர் மெய்ப்புப் பார்ப்பவர், அதாவது எங்கள் பிழைகளையெல்லாம் பிடித்துக் கொடுப்பவர். கண்ணாடியைப் பாதி மூக்குக்கு இறக்கி, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி ஆரம்பிப்பார். பத்தே நிமிடத்தில் என் பக்கம் அம்மை போட்ட குழந்தை மாதிரி திரும்பி வரும்.

க், ச், த், ப் என்ற நாலு ஒற்றும் வரவேண்டிய இடத்தில் வரவில்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அந்தப் பெயர். சோப்பு உறையோ, பேருந்து நேர அட்டவணையோ, பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையோ, ஒற்று விழுந்திருக்கிறதா என்று அவர் பார்த்த பிறகுதான் கீழே மிஷினுக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் அவருடைய வீட்டுக்காரர் எழுதிய முதல் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பியவர். ‘உன்னை பார்க்க ஆசை’ என்று அந்த மனுஷன் உருகியிருக்கிறார். அக்கா நடுவில் ஒரு ‘ப்’ போட்டு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகும் அவர் வந்து கட்டிக்கொண்டார் என்றால் அவருடைய பொறுமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுப் போடுவது பாதி வேலை. மீதி வேலை வெட்டுவது. பத்து வார்த்தையில் ஒருவர் எழுதியதை அக்கா நாலு வார்த்தையில் முடிப்பார். அதற்குக் கொழுப்பெடுப்பது என்று பெயர் வைத்திருந்தார். அவரைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. “அக்கா, இடம் பத்தலை, கொஞ்சம் கொழுப்பெடுங்க” என்று ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது கேட்பேன்.

இத்தனை சொற்களை ஆள்கிறவருக்கு வாயில் மட்டும் சில சொற்கள் வராது. இடுப்புக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும், அங்கே நடக்கிற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான் உண்டு: ‘அது’. மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது அவளுடைய அறிவியல் புத்தகத்தை வாங்கி, அந்தப் பாடத்தை மட்டும் முழுதாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அந்த விஷயத்தைப் பற்றி அம்மா மகளிடம் பேசிய ஒரே பேச்சு, அதில் மூன்று எழுத்துப்பிழை இருக்கிறது என்பதுதான். மகளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மகளுக்குத்தான் எட்டு மாதத்துக்கு முன் பிரசவம் ஆனது. சிரிக்கிற விஷயமில்லை. குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையைத் தைத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, இரண்டு நாள் எங்களையெல்லாம் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுத்தான் கண் திறந்தாள். நானும் அக்காவோடு அந்த வராந்தாவில் இருந்தேன். அக்கா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒற்று இல்லாததைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார் என்றால் நிலைமை புரியும். கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து, “ரெண்டு வருஷத்துக்கு இன்னொண்ணை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. அடுத்த தடவை என்னால காப்பாத்த முடியும்னு சொல்ல மாட்டேன்” என்றார். அந்த வாக்கியத்தில் அக்காவுக்கு வெட்டுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாய் சேய் நல மையத்து சிஸ்டர் ஒருநாள் எங்கள் மாடியேறி வந்தார். தடித்த உருவம், தடித்த குரல், ஒளிவு மறைவு கிடையாது. “ஆணுறையை எப்படிச் சரியாப் போடுறதுன்னு ஒரு துண்டறிக்கை வேணும். எட்டுக் கட்டம், எட்டுப் படம், நாலாயிரம் பிரதி” என்று கீழே மிஷின்காரர்வரை கேட்கும்படி சொன்னார். அக்கா உடனே ஒரு சோப்பு உறையை எடுத்து அதில் மூழ்கிப்போனார்.

எங்கள் முதலாளி கண்ணியமானவர். அவர் கண்ணியத்தால் விளைந்த கேடுகளைத் தனியாக ஒரு புத்தகமாகப் போடலாம். அந்த வேலைக்கான தாள்களைப் போட்டுவைக்கும் உறையில் பெயர் எழுதக் கூச்சப்பட்டு ‘குடை’ என்று எழுதினார். ஒரு வாரம் பூராவும் கீழிருந்து மிஷின்காரர், “குடை ரெடியா? குடைக்கு என்ன கலர்?” என்று கத்திக்கொண்டிருந்தார். படங்களைப் பார்த்ததும் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. “இதெல்லாம் பசங்க கையில கிடைச்சா என்னம்மா ஆகும்? படம் வேண்டாம். ஓரத்துல ரோஜாப்பூ போடு” என்றார். சிஸ்டருக்கு அவசரம், பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். ஆக, கையும் விரலும் இருக்கவேண்டிய இடமெல்லாம் ரோஜாப்பூ. எல்லாப் பாரமும் வார்த்தையின் தலையில் விழுந்தது.

ரோஜாப்பூ இடத்தை அடைத்துக்கொள்ளவே நாலாவது கட்டத்தில் எழுத்து வழிந்தது. சிஸ்டர் எழுதியிருந்தது இது: ‘உறைக்குள் காற்று தங்கினால் கிழியக்கூடும். ஆகவே நுனியில் உள்ள சிறு பையைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உறையை அடிவரை உருட்டிவிடவும்.’

“அக்கா, நாலாவதுல கொழுப்பெடுங்க” என்றேன்.

அக்கா அந்தத் தாளை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து வாங்கினார். பார்க்காத மாதிரி பார்த்தார். அரை நிமிடத்தில் திருப்பித் தந்தார். ‘காற்று தங்காதிருக்க, நுனியைக் கிள்ளிவிட்டு, அடிவரை உருட்டவும்.’

“பாத்தியா? ஆறே வார்த்தை” என்றார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. நானும், “உங்களை அடிச்சுக்க ஆள் இல்லைக்கா” என்றேன். சிஸ்டர் வந்து, “நீங்க பாத்தாச்சுல்ல, நான் எதுக்குப் படிக்கணும்?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இப்படி மூன்று பொம்பளைகள் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்தோம்.

அச்சாகி வந்ததும் அக்கா ஒரு பிரதியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை, தெரியும். மகளும் மருமகனும் நினைவு வந்திருக்கும். ஆனால் மாமியார் மருமகனிடம் எப்படிக் கொடுப்பார்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, “மாப்பிள்ளை, இதுல எழுத்துப்பிழை இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடிவந்துவிட்டாராம்.

மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல்காரர். நானூறு பேருக்குச் சமையல். நெட்டையான ஆள், தங்கமான ஆள், எழுதியிருப்பதை எழுதியபடியே செய்கிற ஆள். புதுக் குக்கர் வாங்கினால் அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார். பிரசவத்துக்குப் பிறகு மையத்தில் கொடுத்த ஆணுறைப் பெட்டி அவர் வீட்டு அலமாரியில் ஆறு மாதமாகத் திறக்கப்படாமலே இருந்திருக்கிறது. உள்ளே இருந்த தாள் வேறேதோ மொழியில், எறும்பு எழுத்தில். புரியாததை எப்படிச் செய்வது என்று மனுஷன் பெண்டாட்டியைத் தொடாமலே இருந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் கையில்தான் மாமியாரே தமிழில் அச்சடித்த, ரோஜாப்பூ போட்ட வழிகாட்டி போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அவரே அச்சகத்துக்கு வந்தார். கேண்டீனிலிருந்து நேராக வந்திருந்தார், விரல் நுனியெல்லாம் பச்சை. கையில் அதே பழுப்பு உறை.

“அத்தை, பிழை பாக்கச் சொன்னீங்களே. நாலு தடவை படிச்சுட்டேன். ஒரு பிழைகூட இல்லை.”

“சரி மாப்பிள்ளை” என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

“ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு.”

அக்காவின் தலை நிமிர்ந்தது. இருபத்தாறு வருட மெய்ப்பு வேலையில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. கூச்சமெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. “என்ன விட்டுப்போச்சு?”

“எட்டாவது கட்டத்துல, பயன்படுத்துன உறையை முடிச்சுப் போட்டு, தாள்ல சுத்தி, குப்பைத்தொட்டியில போடணும், கழிவறையில போடக் கூடாதுன்னு இருக்கு. நல்லது. ஆனா நாலாவதுல கிள்ளி எடுக்கிறோமே, அந்த நுனி? அதை எங்க போடணும்னு போடலையே?”

அக்கா கண்ணாடியை மூக்குக்கு மேலே ஏற்றினார்.

“எந்த நுனி?” என்றார் அக்கா.

“கிள்ளின நுனிதான் அத்தை.” கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டி விரலில் வைத்து ஒரு சுண்டு சுண்டினார். நாள்தோறும் அவர் மூட்டை மூட்டையாகப் பீன்ஸுக்குச் செய்கிற அதே சுண்டு. “ஆனா நகத்தால வரலை. ரப்பர் இழுபட்டுக்கிட்டே போகுது. அப்புறம் கத்தரிக்கோல்தான் எடுத்தேன்.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “கத்தரிக்கோல் கூடாதுன்னு மூணாவதுல இருக்கே!”

“அது பாக்கெட்டைத் திறக்கிறதுக்கு மேடம். கையாலதான் கிழிச்சேன். நாலாவதுல கத்தரிக்கோலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?” என்றார் அவர், வெகு நியாயமாக. “காத்து தங்காம இருக்கத்தானே நுனியைக் கிள்ளுறது? ஓட்டை இருந்தா காத்து எப்படித் தங்கும்? நல்ல யோசனைன்னு நினைச்சேன்.”

அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. தெருவில் பார்த்திருந்தால் தண்ணீர் தெளித்திருப்பேன்.

“உட்காருங்க மாப்பிள்ளை” என்றார். நாற்காலி கிடையாது, அவர் ஒரு தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார். அக்கா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் மெய்ப்புத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பேனாவால் எழுதி அவர் பக்கம் தள்ளினார். ‘எத்தனை முறை?’

மாப்பிள்ளை என் பேனாவை வாங்கி, ‘மூன்று’ என்று எழுதினார்.

‘கடைசியாக எப்போது?’

‘பத்து நாள் முன்பு. அதன்பின் குழந்தைக்கு காய்ச்சல்.’

அக்காவின் கை தானாகப் போயிற்று. ‘நாள்’ பக்கத்தில் ‘களுக்கு’ என்று சேர்த்தார். ‘குழந்தைக்கு’ பின்னால் ஒரு ‘க்’ போட்டார். போட்ட பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு, “என் பொண்ணைக் கொன்னுட்டேனே!” என்று சத்தம் போட்டு அழுதார். மாப்பிள்ளை பேயறைந்த மாதிரி எழுந்து நின்றார். என்ன நடந்தது என்று நான்தான் அவருக்கு விளக்கினேன். இடம் பத்தலை என்று கேட்டவள் நான்தானே.

ஒரு மணி நேரத்தில் மையத்தில் இருந்தோம். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சிஸ்டர் கதையைக் கேட்டு முதலில் மேசையில் தட்டிச் சிரித்தார். மகளின் பிரசவச் சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அஞ்சு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை குடுத்திருப்பேன். சீக்கிரம் வர வர நல்லா வேலை செய்யும். இப்ப பத்து நாள் ஆச்சு. இன்னிக்குச் சிறுநீர் சோதனை பண்ணினாலும் நம்ப முடியாது. மூணு வாரம் முடியணும். இன்னும் பதினொரு நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி மாதவிடாய் வந்தா உடனே சொல்லு.” பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். “அதுவரைக்கும் கத்தரிக்கோல் பக்கமே போகாதீங்க.”

மாப்பிள்ளை தலையாட்டிய வேகத்தில் குழந்தை சிரித்தது.

“யாரு இந்த வரியை மாத்தினது?” என்று சிஸ்டர் கேட்டார்.

“நான்தான்” என்றார் அக்கா.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அக்கா பிற்பாடு சொன்னார். ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய நாலு கட்டில் மூன்றேமுக்கால் கட்டு அப்படியே இருந்தது, அதை நாங்களே தூக்கிக்கொண்டோம். ஆனால் இருநூற்று நாற்பது தாள் வெளியே போயிருந்தது. அந்த மையத்தில் பெட்டி வாங்குபவர்கள் வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவார்கள். “வாசல்ல ஒரு மேசை போடுறேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க” என்றார் சிஸ்டர். “வாயால.”

அக்காவுக்குச் சாவதே மேல் என்று தோன்றியிருக்கும். ஆனால் திங்கட்கிழமையே அச்சகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பத்து நாளும் போனார். துணைக்கு நானும் சில நாள் போனேன்.

மேசையில் ஒரு பெட்டி ஆணுறை, போட்டுக் காட்ட சிஸ்டர் கொடுத்த ஒரு மரக்கட்டை. முதல் நாள் அக்கா அந்தக் கட்டையின் மேல் கைக்குட்டையைப் போர்த்தி வைத்திருந்தார். ஒரு லாரி டிரைவர் வந்து, “அக்கா, சாமி சிலையா?” என்று கேட்ட பிறகுதான் கைக்குட்டை எடுக்கப்பட்டது.

“தம்பி, நாலாவது கட்டத்துல கிள்ளிட்டுன்னு இருக்கில்ல, அது... அதுல...” அக்கா திணறினார். டிரைவர் பொறுமையாக நின்றார். அக்காவின் கண் குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் மேல் போயிற்று. அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, “ஆணுறையோட நுனியைக் கிள்ளக் கூடாது!” என்று போட்டார் ஒரு போடு. உள்ளே தடுப்பூசிக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “பிடிச்சுக்கணும். ரெண்டு விரலால, நகம் படாம, காத்து வெளியே போற மாதிரி. பிடிச்சுக்கிட்டே அடிவரைக்கும் உருட்டணும். கிள்ளி எறிஞ்சீங்களா?”

“நான் ஒண்ணும் கிள்ளலைக்கா” என்றார் டிரைவர்.

“அப்பாடா! எப்படிச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க?”

“நான் அதைப் படிக்கவே இல்லையே. வண்டிக் கண்ணாடி துடைச்சேன்.”

அக்காவுக்கு உயிரும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. இருபத்தாறு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒற்றுப் போட்டதெல்லாம் இதற்குத்தானா என்று என்னிடம் ஒரு மூச்சு புலம்பினார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் படிக்கவில்லை. படித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் கத்தரிக்கோல் எடுத்திருந்தார்கள். ஒருவர் தோட்டக்காரர், இன்னொருவர் தையல்காரர். இரண்டு வீட்டிலிருந்தும் மனைவிமாரை அழைத்துவரச் சொல்லி, சிஸ்டரிடம் அக்காவே கூட்டிப்போனார். தையல்காரர் வீட்டம்மா நடந்த மூன்றாம் நாளே வந்துவிட்டதால் மாத்திரை கிடைத்தது, தோட்டக்காரர் வீட்டம்மாவுக்குச் சோதனைக்கு நாள் குறித்தார்கள்.

போகப்போக அக்காவுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. ஜனங்கள் செய்கிற கூத்துகளைக் கேட்கக் கேட்க அவருடைய சிவப்புப் பேனாப் புத்தி விழித்துக்கொண்டது. ஒருவர் பத்திரத்துக்கு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறாராம். “ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும். ஒண்ணு போதும், வெட்டுங்க இன்னொண்ணை!” ஒருவர் தேங்காயெண்ணெய் தடவுகிறாராம். “எண்ணெய் பட்டா ரப்பர் இத்துப்போகும். தண்ணியில கரையற களிம்புதான்.” ஒருவர் அதை ஒரு வருடமாகப் பின்பாக்கெட்டில் பர்ஸில் வைத்து உட்கார்ந்தே தேய்த்திருக்கிறார். “சூடும் அழுத்தமும் ஆகாது. முதல்ல தேதியைப் படிங்க. அதையாவது படிங்க!” தலைகீழாகப் போட்டுவிட்டுத் திருப்பிப் போடுகிறவருக்கு, “புதுசு எடுங்க” என்று கண்டிப்பு. வேலை முடிந்ததும் அப்படியே படுத்துவிடுகிறவருக்கு, “தளர்றதுக்கு முன்னாடி அடியைப் பிடிச்சுக்கிட்டு வெளியே எடுக்கணும்” என்று இன்னொரு கண்டிப்பு.

இலக்கணம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. “பிடிச்சுவிட்டுன்னா விட்டாச்சு. பிடிச்சுக்கொண்டுன்னா இன்னும் கையில இருக்கு. எல்லாம் அந்தக் கொண்டுலதான் இருக்கு, புரியுதா?” என்று கட்டடத் தொழிலாளிகளிடம் விளக்கிக்கொண்டிருப்பார். அவர்களும் பயபக்தியோடு, “கொண்டு, கொண்டு” என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

ஆனால் பகலெல்லாம் இப்படிப் பேசிவிட்டு, மேசையை மடக்கும்போது விரலை மடக்கி எண்ணுவார். மகளுக்கு நாள் வரவேண்டிய தேதி ஐந்தாம் நாள். அந்த நாள் வந்தது, மாதவிடாய் வரவில்லை. ஆறாம் நாள் இல்லை. ஏழாம் நாள் இல்லை. மகள் அம்மா தோளில் சாய்ந்துகொள்வாள். எட்டாம் நாள் மாப்பிள்ளை கேண்டீனில் நானூறு பேர் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாராம். வாழ்க்கையில் முதல்முறை.

ஒன்பதாம் நாள் காலை, அக்கா அச்சகத்தில் இருந்தார். புதுத் துண்டறிக்கையின் கடைசி மெய்ப்பு அவர் முன்னால். இந்த முறை எட்டுப் படமும் உண்டு. ரோஜாப்பூ வேண்டும் என்று முதலாளி வாயைத் திறந்தபோது அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணியம் அப்படியே கீழே இறங்கிப்போய்விட்டது. வேலையின் உறையில் அக்காவே தன் கையால் ‘ஆணுறை’ என்று எழுதியிருந்தார்.

செல்போன் அடித்தது. காது சுடுகிறது என்று அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மிஷின்காரர் வேறு ஏதோ தாளை வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, அது வந்துருச்சு.”

“எது?”

“அதுதாம்மா.”

“அதுன்னா எதுடி? சுட்டிச் சொல்லாதே. பேரைச் சொல்லு!”

“அம்மா, இங்க கடையில ஆளுங்க நிக்கிறாங்க...”

“இங்கயும் மிஷின்காரர் நிக்கிறார். நிக்கட்டும். எனக்குத் தெளிவா வேணும்.”

“மாதவிடாய் வந்துருச்சும்மா! போதுமா?”

மிஷின்காரர் மேலே சுற்றாத மின்விசிறியை உற்றுப் பார்த்தார். அக்கா, “போதும்டி, போதும்” என்றார். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நான் போய் முதுகில் கை வைத்தேன். எனக்கும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்து, ஈரக் கண்ணோடு மெய்ப்பில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் என் பக்கம் திரும்பி வந்தது அன்றுதான். நான் அதை ஒருமுறை பார்த்தேன், ஒன்றைக் கவனித்தேன், வாயை மூடிக்கொண்டு கீழே அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை மறுபடி வந்தார். மூன்று வாரச் சோதனையையும் செய்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டை முதலில் காட்டினார். பிறகு புதுத் துண்டறிக்கையை எடுத்தார். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, அவராகவே படித்திருக்கிறார்.

“அத்தை, இதுல ஒரு பிழை இருக்கு.”

நான் கணினித் திரைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

“நாலாவது கட்டம். ‘நுனியைக் கிள்ள கூடாது’ன்னு இருக்கு. நடுவுல ஒரு ‘க்’ வரணுமே? அன்னிக்கு என் தாள்ல நீங்க போட்டீங்களே.”

அக்கா வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாலாயிரம் பிரதி, அத்தனையிலும் ஒற்று இல்லை. அவர் கை சிவப்புப் பேனாவுக்குப் போவதைப் பார்த்தேன்.

“படிச்சீங்களே மாப்பிள்ளை, என்ன புரிஞ்சுது?”

மாப்பிள்ளை பச்சை விரல் இரண்டைத் தூக்கிக் காற்றில் மெல்லப் பிடித்தார். “பிடிச்சுக்கிட்டு உருட்டணும்.”

“விட்டுட்டீங்களா?”

“இல்லை அத்தை. இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அப்ப இருக்கட்டும்” என்றார் ஒற்று அக்கா, பேனாவை மூடி இழுப்பறையில் வைத்துவிட்டு.